குப்பை மேட்டில் கேலரி: ஆட்சல் அரங்கமும் சென்னை மாநகராட்சி மைதானமும்

சாலவாக்கத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஒரு ஜல்லி லாரிக்காவது ஒதுங்கி வழிவிட வேண்டியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் அத்தனை கல் குவாரிகள். கல் எடுத்து முடித்த இடத்தில் பள்ளம் கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அந்தப் பக்கம் போகாதே என்று பெரியவர்கள் பிள்ளைகளை அதட்டுவார்கள். பள்ளத்துக்கு அதற்கு மேல் ஒரு வாழ்வு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ரக்பி லீக் ஆட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் போனபோது ஆட்சல் என்ற பெயர் கண்ணில் பட்டது. வட இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டு நகரத்தில் இருக்கும் அரங்கம். அதுவும் கல் எடுத்த பள்ளம்தான். ஊர்க் குப்பையை அதில் கொட்டி, சரிவுகளாக நிரவி, அந்தச் சரிவுகளையே பார்வையாளர் நிற்கும் படிகளாக்கினார்கள். 1954இல் ஒரே ஓர் ஆட்டத்துக்கு அங்கே 1,02,569 பேர் கூடினார்கள்.

நம் பக்கத்தில் ரக்பி லீக் அரங்கம் தேடினால் கிடைக்காது. ஆனால் ஒரு நகர நிர்வாகம் தன் நிலத்தில் ஊராருக்காக அமைத்த மைதானம் என்ற வகையில் ஆட்சலுக்கு இணை ஒன்று உண்டு. சென்னையில் ரிப்பன் மாளிகைக்குப் பின்னால், பெரியமேட்டை ஒட்டி நிற்கும் ஜவகர்லால் நேரு ஸ்டேடியம் அது. முந்தைய தலைமுறைக்கு அதன் பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். இரண்டையும் சேர்த்துவைத்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் துலங்குகிறது. விளையாட்டரங்கின் வரலாற்றை ஆட்டங்களின் வரலாறாக, யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் கோப்பை வாங்கினார் என்ற வரிசையாக எழுதுவது நம் வழக்கம். நிலம் யார் பேரில் இருந்தது, யாருக்கு எத்தனை ஆண்டு குத்தகை என்ற வரிசையில் எழுதினால் வேறொரு கதை வருகிறது. அணி செத்த பிறகும் சில மைதானங்கள் பிழைத்திருப்பதற்கும், அணி வாழும்போதே சில மைதானங்கள் சூப்பர் மார்க்கெட் ஆவதற்கும் காரணம் அந்தக் கதையில்தான் இருக்கிறது.

கூலி போன ஒரு நாள்

ரக்பி என்றால் நமக்குத் தெரிந்தது முட்டை வடிவப் பந்தும் மல்லுக்கட்டும்தான். அதில் இரண்டு சாதி உண்டு, யூனியன், லீக் என்று. இரண்டும் பிரிந்த காரணம் ஆட்ட விதி பற்றிய சண்டை அல்ல, கூலி பற்றியது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் தெற்கில் ரக்பி ஆடியவர்கள் பெரும்பாலும் உயர்குடிப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள். வடக்கில் யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ஆடியவர்கள் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் கம்பளி ஆலையிலும் உழைத்தவர்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. போன கூலியை மட்டுமாவது ஈடுகட்ட அனுமதியுங்கள் என்று வடக்குக் கிளப்புகள் கேட்டன. ஆட்டத்துக்குப் பணம் வாங்குவது இழுக்கு என்று 1893இல் ரக்பி சங்கம் மறுத்துவிட்டது. கூலியை நம்பிப் பிழைக்காதவன் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். 1895 ஆகஸ்டு 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடக்குக் கிளப்புகள் நார்தர்ன் யூனியன் என்று தனியே பிரிந்தன. 1922இல் அது ரக்பி ஃபுட்பால் லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பிரிந்த பிறகு ஆட்டமும் மாறியது. பணம் கொடுத்து வருகிறவனுக்குப் பார்க்கும்படி இருக்க வேண்டும் அல்லவா? 1906இல் 15 பேர் 13 ஆனார்கள். பிடிபட்டு விழுந்தவன் எழுந்து நின்று பந்தைக் காலால் பின்னே தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம் என்ற விதி வந்தது. சடுகுடு பார்த்து வளர்ந்தவனுக்கு இது உடனே பிடிபடும். ஓடி வருகிறவனைச் சேர்ந்து அமுக்குவது, அமுக்கியதும் அந்தச் சுற்று முடிவது, மறுபடி ஓட்டம். எங்கள் ஊர்ப் பையன்களிடம் ரக்பி லீக்கைப் பந்து வைத்த கபடி என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

பிராட்ஃபோர்டு கம்பளி நகரம். அங்கே ரக்பி கிளப் தொடங்கியது 1863இல். பிரிவினையில் அது வடக்கின் பக்கம் நின்றது. அந்நகரின் இன்னொரு ரக்பி கிளப்பான மானிங்ஹாம் 1903இல் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. அதன் வேலி பரேடு மைதானமும் கால்பந்து மைதானமாகிவிட்டது. 1907இல் மூத்த கிளப்பும் அதே வழியில் போயிற்று. பார்க் அவென்யூ மைதானத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் கால்பந்தே லாபம் என்று முடிவெடுத்தார்கள். ரக்பி பக்தர்கள் இன்றுவரை அதைப் பெருந்துரோகம் என்றுதான் சொல்கிறார்கள். எஞ்சியவர்கள் பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்ற பெயரில் புதிய கிளப் தொடங்கி, 1908 முதல் பிர்ச் லேன் என்ற வசதி குறைந்த மைதானத்தில் கால் நூற்றாண்டை ஓட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் இரண்டு ரக்பி மைதானங்கள் ஆட்டத்தின் கையை விட்டுப் போயின. இரண்டும் கிளப்புகளின் பிடியில் இருந்தவை.

துப்புரவுத் துறை கட்டிய அரங்கம்

1933 ஜூன் 20 அன்று பிராட்ஃபோர்டு நார்தர்ன் கிளப் மாநகராட்சியிடமிருந்து ஆட்சல் பள்ளத்தைப் பத்து ஆண்டு குத்தகைக்கு எடுத்தது. அப்போது அது ஊர்க் குப்பை கொட்டும் இடம். மாநகராட்சியின் துப்புரவுத் துறை இயக்குநர் எர்னஸ்ட் கால் ஒரு திட்டம் வகுத்தார். கண்ட இடத்தில் கொட்டாமல், எந்த வண்டி எந்த விளிம்பில் எவ்வளவு கொட்ட வேண்டும் என்று முறைப்படுத்தி, குப்பையைக் கொண்டே பள்ளத்தைச் சுற்றிலும் சரிவு எழுப்புவது. 1,40,000 வண்டி வீட்டுக் குப்பை அப்படிப் போய்ச் சேர்ந்தது. நடுவில் ஆடுகளம், சுற்றிலும் கிண்ணம்போல் கரை. 1934 செப்டம்பர் 1 அன்று அரங்கம் திறக்கப்பட்டது.

அரங்க வரலாறுகளில் கட்டடக் கலைஞர் பேர் வரும், மந்திரி பேர் வரும், நன்கொடை தந்த முதலாளி பேர் வரும். குப்பை வண்டிக்கு வழி சொன்ன அதிகாரியின் பேர் வந்து நான் படித்தது இது ஒன்றில்தான். ஒரு நகராட்சிக்கு எப்படியும் செய்தாக வேண்டிய வேலை குப்பை அள்ளுவது. அந்தச் செலவைத் தனியாகவும் மைதானச் செலவைத் தனியாகவும் பார்த்திருந்தால், உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த அந்த ஆண்டுகளில் ஆட்சல் கட்டப்பட்டிருக்காது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதியதுதான் அங்கே நடந்த சாமர்த்தியம். கிளப் தனியாகக் கட்டியிருந்தால் ஒரு மர ஸ்டாண்டோடு நின்றிருக்கும்.

வசதி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உடை மாற்றும் அறைகள் கிண்ணத்தின் மேல் விளிம்பில் இருந்தன. ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்கு நடுவே நீண்ட படிகளில் இறங்கி வர வேண்டும், தோற்றால் அதே கூட்டத்துக்கு நடுவே ஏறிப் போக வேண்டும். இரண்டாவதுதான் கொடுமையாக இருந்திருக்கும்.

ஆட்சலின் பெருநாள் 1954 மே 5. சாலஞ்ச் கோப்பை இறுதியாட்டம் ஏப்ரல் 24 அன்று லண்டன் வெம்ப்ளியில் 4–4 என்று சமனாகிவிட்டது. மறு ஆட்டம் ஆட்சலுக்கு வந்தது. மோதியவை ஹாலிஃபாக்ஸ், வாரிங்டன். வார நாள் மாலை. ஹாலிஃபாக்ஸ் பக்கத்து ஊர். வாரிங்டன்காரர்கள் மலைத்தொடரைக் கடந்து வர வேண்டும். சாலைகள் அடைத்துக்கொண்டன. வாரிங்டன் 8–4 என்று வென்றது. வாயிலில் எண்ணிய கணக்கு 1,02,569. உண்மையில் வந்தவர்கள் அதைவிட அதிகம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 1999இல் சிட்னியில் புதிய அரங்கம் திறக்கும்வரை ரக்பி லீக் உலகில் அதை மிஞ்சிய கூட்டம் இல்லை.

அதே மைதானத்தில் ஒன்பது ஆண்டு கழித்து, 1963 நவம்பரில், பிராட்ஃபோர்டு நார்தர்ன் பாரோ அணியோடு ஆடியதைப் பார்க்க வந்தவர்கள் 324 பேர். அடுத்த மாதமே கிளப் கலைந்தது. ஒரு லட்சம் பேருக்கான கிண்ணத்தில் 324 பேர் நிற்பதை நினைத்துப் பார்த்தால், திருவிழா முடிந்த மறுநாள் தேரடிதான் ஞாபகம் வருகிறது.

என் வாதத்துக்கு இந்த இடம் முக்கியம். கிளப்பின் சொந்த மைதானமாக இருந்திருந்தால் கடன்காரர்கள் வந்திருப்பார்கள், மனை விற்றிருக்கும். மாநகராட்சி நிலம் என்பதால் மைதானம் அப்படியே கிடந்தது. பழைய ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டினார்கள், ஊர் திரண்டது, 1964இல் கிளப் மறுபடி பிறந்து அதே பள்ளத்தில் இறங்கியது. இதற்கு நேர்மாறு விகன் நகரம். ரக்பி லீக்கின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான விகன் கிளப் 1902 முதல் ஆடிய சென்ட்ரல் பார்க் மைதானம் விற்கப்பட்டு, 1999இல் கடைசி ஆட்டம் நடந்தது. இப்போது அங்கே டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. கிளப் பிழைத்துக்கொண்டது, மைதானம் போயிற்று.

பொது நிலமாக இருந்ததால் ஆட்சலில் வேறு ஆட்டங்களும் நுழைந்தன. 1945இல் மோட்டார் சைக்கிள் பந்தயமான ஸ்பீட்வே வந்தது, 1985இல் அதன் உலக இறுதிப் போட்டியே அங்கே நடந்தது. அந்த 1985 பிராட்ஃபோர்டு மறக்காத ஆண்டு. மே 11 அன்று வேலி பரேடு கால்பந்து மைதானத்தின் மர ஸ்டாண்டில் தீப்பிடித்து 56 பேர் மாண்டார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்த குப்பைதான் பற்றிக்கொண்டது. ஒரே நகரத்தில் முறையாகக் கொட்டிய குப்பை ஒரு அரங்கத்தைத் தாங்கி நின்றது, யாரும் பார்க்காமல் சேர்ந்த குப்பை இன்னொன்றை எரித்தது. வீடிழந்த கால்பந்து அணிக்கு ஆட்சல் சில காலம் இடம் கொடுத்தது. எந்தக் கால்பந்து அணிக்காக 1903இல் ரக்பி மைதானம் பறிபோனதோ, அதே அணிக்கு.

அதற்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996இல் கிளப் பிராட்ஃபோர்டு புல்ஸ் என்று பெயர் மாற்றிக் கொண்டாட்ட காலம் கண்டது, பிறகு கடனில் விழுந்தது. 2012இல் குத்தகை உரிமையை ரக்பி ஃபுட்பால் லீகிடம் விற்றது. 2017இல் மறுபடி கலைந்து மறுபடி தொடங்கியது. 2019இல் செலவு தாங்காமல் ஆட்சலை விட்டுப் போய் 2021இல் திரும்பி வந்தது. நிலம் மட்டும் இத்தனைக்கும் நகர மன்றத்தின் பேரிலேயே இருக்கிறது.

பூங்காவைத் தின்ற மைதானம்

சென்னை மாநகராட்சி 1688இல் தோன்றியது. இந்தியாவிலேயே மூத்த நகராட்சி. ஆனாலும் ஊரார் காற்று வாங்கப் பொது இடம் வேண்டும் என்ற எண்ணம் வர 170 ஆண்டுகள் பிடித்தன. 1859இல் ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில் சென்ட்ரலை ஒட்டி 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் என்ற மக்கள் பூங்கா உருவானது. எக்மோர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபோர் வளர்த்த விலங்குகள் அங்கே வந்து மிருகக்காட்சி சாலை ஆயின.

காலியிடம் என்று ஒன்று இருந்தால் அரசாங்கத்துக்குக் கை சும்மா இருக்காது. விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது. 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை, அதாவது மாநகராட்சியே தன் பூங்காவுக்குள் குடிவந்தது. மைதானமும் அப்படித்தான் பூங்காவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. ஆட்சலில் மாநகராட்சி பாழ்நிலத்தை மைதானமாக்கியது. சென்னையில் ஏற்கெனவே பொதுவாக இருந்த பசுமையை மைதானமாக்கியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ முடியாது. மக்கள் பூங்கா என்ற பெயரில் இன்று மிச்சம் இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு 116 ஏக்கர் என்பது நம்பக் கடினமான எண்.

ஆனால் அந்தத் துண்டு ஏன் முக்கியமானது என்று புரிய சேப்பாக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆர்க்காடு நவாபின் அரண்மனைத் தோட்டம் அது. 1855இல் நவாப் குலாம் கவுஸ் கான் வாரிசின்றி இறந்தார். வெள்ளைக்காரர் ஆட்சி அரண்மனையை எடுத்துக்கொண்டது. 1865இல் அதன் ஒரு பகுதியில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்புக்கு இடம் கிடைத்தது. 1846இல் தொடங்கிய அந்தக் கிளப் ஐரோப்பியருக்கானது. அங்கே ஆட வந்த இந்தியர்கள் மதிய உணவை மரத்தடியில் உண்ண வேண்டியிருந்தது என்றும், அந்த அவமானத்தில்தான் புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் என்றும் சென்னைக் கிரிக்கெட் உலகம் சொல்லி வருகிறது. நவாபிடமிருந்து அரசுக்கு, அரசிடமிருந்து கிளப்புக்கு. இரண்டு முறை கை மாறியும் ஊராருக்கு அந்த நிலத்தில் பாத்தியதை இல்லை.

ஆட்டத்தைப் பொறுத்தவரை சேப்பாக்கத்தின் பெருமையைக் குறைக்க முடியாது. சென்னையின் முதல் டெஸ்ட் 1934 பிப்ரவரியில் அங்கே நடந்தது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று முதல் ரஞ்சி ஆட்டத்தில் மதராஸ் மைசூரை ஒரே நாளில் சுருட்டியது, ஏ.ஜி.ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். 1952 பிப்ரவரி 10 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை, இன்னிங்ஸ் மற்றும் 8 ஓட்ட வித்தியாசத்தில் இங்கிலாந்துக்கு எதிராக, அங்கேதான் பெற்றது. வினு மன்கட் 12 விக்கெட். அத்தனை கூட்டத்தையும் தாங்க அன்று அங்கே நிரந்தர கேலரி கிடையாது. டெஸ்ட் வந்தால் தற்காலிகமாகக் கட்டுவார்கள், முடிந்ததும் பிரிப்பார்கள். கல்யாணப் பந்தல் போல.

1956 தொடங்கி டெஸ்ட் கிரிக்கெட் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்குப் போனது இந்தப் பின்னணியில்தான். கிளப்பின் வேலிக்குள்ளிருந்து நகராட்சியின் வேலிக்குள் ஆட்டம் நகர்ந்தது. 1965வரை ஒன்பது டெஸ்டுகள். முதல் டெஸ்டிலேயே, 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக, மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 52 ஆண்டு நின்றது. 2008இல்தான் தென்னாப்பிரிக்காவின் மெக்கென்சியும் ஸ்மித்தும் இரண்டே ஓட்டம் கூடுதலாக எடுத்து அதைத் தாண்டினார்கள். 1962 ஜனவரியில் நரி கான்ட்ராக்டர் தலைமையில் இங்கிலாந்தை 128 ஓட்டத்தில் வென்றபோது, இங்கிலாந்தோடு ஆடிய தொடரில் இந்தியாவின் முதல் வெற்றி உறுதியானது. 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி 21 ஓவர் தொடர்ந்து மெய்டனாக வீசினார். 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம். அதே ஆட்டத்தில் குந்தரன் 192 அடித்தார், ஆனால் பேச்செல்லாம் நட்கர்னியைப் பற்றித்தான். டிக்கெட் வாங்கியவர்கள் என்ன நினைத்தார்களோ.

1967 ஜனவரியில் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கே திரும்பியது. கிரிக்கெட் சங்கம் அங்கே குத்தகை உரிமை பெற்றுக் கான்கிரீட் அரங்கம் எழுப்பியது. முன்னாள் கிரிக்கெட் வாரியத் தலைவர் எம்.ஏ.சிதம்பரத்தின் பெயர் அதற்கு வந்தது. சென்னைக் கிரிக்கெட் என்றால் சேப்பாக்கம் என்று ஆகிப்போய், நடுவில் பத்தாண்டு காலம் மாநகராட்சி மைதானத்தில் ஆடியது பழைய ரசிகர்களின் பேச்சில் மட்டும் மிஞ்சியது.

பிராட்ஃபோர்டில் 1963இல் நடந்தது இங்கே 1967இல் நடந்தது. ஆடியவர்கள் கிளம்பிவிட்டார்கள், மைதானம் நின்றது. பூங்காவின் மற்ற மிச்சங்களில் சில ஒவ்வொன்றாகப் போயின. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்து, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையக் கட்டடம் வந்தது. அதே ஆண்டு மிருகக்காட்சி சாலை வண்டலூரில் திறந்தது. பெரியமேட்டில் இருந்த மைதானம் மட்டும் வேறு ஆட்டத்துக்குக் காத்திருந்தது. அது கால்பந்து.

260 நாள்

1993 நேரு கோப்பை கால்பந்துப் போட்டி சென்னைக்கு வந்தது. பழைய அரங்கத்தை இடித்து, சுமார் 40,000 பேர் அமரும் புதிய அரங்கம் 260 நாளில் எழுப்பப்பட்டது. கோப்பையை வட கொரியா எடுத்துப் போனது. 1995 டிசம்பரில் தெற்காசியப் போட்டிகள் அங்கே நடந்தன. 2014 முதல் சென்னையின் எஃப்சி அணிக்கு அதுவே வீடு. அந்த அணி இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பை வென்றது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளின் தொடக்க விழாவும் அங்கேதான்.

260 நாள் என்ற எண்ணைப் பெருமையோடு சொல்வார்கள். பெருமைதான். கோப்பில் கையெழுத்துப் போட ஒரே ஒரு கை இருந்தால்தான் அது முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகக் கட்டிய ஸ்டாண்டுகளில் மூன்று, கட்டட விதி வழக்கில் சிக்கி 2012 தொடங்கிப் பல ஆண்டு பூட்டியே கிடந்தன. தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்த வெற்று நாற்காலிகள் நினைவிருக்கும். அரசு, சங்கம், பக்கத்துக் கிளப், நீதிமன்றம் என்று நான்கு பேர் கை வைத்த நிலம் அது.

ஆனால் அந்த ஒற்றைக் கை மாநகராட்சியுடையது அல்ல. நேரு ஸ்டேடியம் இன்று 1992இல் உருவான தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திடம், அதாவது மாநில அரசிடம் இருக்கிறது. ஆட்சலில் நகர மன்றம் இன்னும் நிலச்சொந்தக்காரர். சென்னையில் நகராட்சி தன் மைதானத்தை மேலே இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டது. அதன் விளைவு 2013இல் தெரிந்தது. ஆசிய தடகளப் போட்டி சென்னையில் நடப்பதாக இருந்தது. இலங்கை வீரர்கள் வருவதால் நடத்த முடியாது என்று மாநில அரசு மறுத்தது. போட்டி புனேவுக்குப் போனது. அந்த முடிவு சரியா என்பது வேறு கேள்வி. ஈழத்தில் நடந்ததைப் பார்த்துக் கொதித்த தமிழ்நாட்டின் மனநிலை அன்று அப்படி இருந்தது. ஆனால் அந்த நிலத்தில் யார் ஓடலாம் என்ற கேள்வி பெரியமேட்டில் முடிவாகவில்லை, கோட்டையில் முடிவானது.

என் வாதத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதே 2013இல் ஐபிஎல் போட்டிக்காகச் சேப்பாக்கத்திலும் இலங்கை ஆட்டக்காரர்கள் இறங்கவில்லை. 2018இல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை அணியின் ஆட்டங்களே புனேவுக்குப் போயின. குத்தகைதாரர் தனியார் சங்கமாக இருந்தும் ஊரின் அரசியல் வேலியைத் தாண்டி உள்ளே வந்தது. ஆகவே நிலம் யாருடையது என்பது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நான் சொல்லவில்லை. மைதானம் மைதானமாகவே நீடிக்குமா என்பதை அது தீர்மானிக்கிறது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஏரி வாரியம்

உத்திரமேரூர் தாலுகாவில் இருந்துகொண்டு உள்ளாட்சி பற்றி எழுதினால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைத் தொடாமல் தப்ப முடியாது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். 30 குடும்புகள், குடவோலை, 360 நாள் பதவி. அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்த செய்தி. வரி செலுத்தும் சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் உள்ளவருக்கு மட்டுமே அந்தக் குடத்தில் ஓலை உண்டு என்பதை மேடையில் அவ்வளவாகச் சொல்வதில்லை. அது பிராமணர் சபை. ஊர் முழுவதும் அதில் இல்லை.

ஆனாலும் எனக்கு அதில் பிடித்த இடம் தேர்தல் அல்ல, வாரியங்களின் பட்டியல். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம். பொதுவாக இருக்கும் தோட்டத்துக்கும் ஏரிக்கும் ஓராண்டுக்கு இன்னார் பொறுப்பு என்று பெயர் குறித்துவைத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் உறவினரும் மறுபடி நிற்க முடியாது. எர்னஸ்ட் கால் வண்டிகளை எண்ணியதும் இந்தக் குணம்தான் என்று நினைக்கிறேன்.

விளையாட்டுக்கு என்று ஒரு வாரியம் அந்தப் பட்டியலில் இல்லை. நம் காலத்தில் அதை ஈடுகட்டும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் விளையாட்டு மைதானம் அமைப்பது ஒரு பகுதி. அண்மையில் சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு மினி ஸ்டேடியம் என்ற அறிவிப்பும், ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்கள் கொடுக்கும் திட்டமும் வந்தன. இவற்றில் கட்டியதைவிடக் கட்டிய பின் பார்த்துக்கொள்வதுதான் கடினம். புல் வெட்டுவது யார், கம்பத்துக்கு வர்ணம் அடிப்பது யார், மாடு கட்டினால் கேட்பது யார் என்று எழுதிவைத்த மைதானம் எத்தனை? குவாரிக் குத்தகை முடிந்த பள்ளங்களுக்கும் இதே கேள்விதான். அவற்றில் பல மைதானமாகத் தகுதியற்றவை, செங்குத்தாக வெட்டிய பாறைக் கிணறுகள். ஆட்சல் போல் நிரவ முடியாது. ஆனால் கல் எடுக்க உத்தரவு கொடுக்கும்போதே பிறகு அது என்ன ஆகும், யார் பொறுப்பு என்று கேட்க முடியும்.

எங்கள் பக்கத்து ஊர்களில் பையன்கள் ஆடுவது பெரும்பாலும் ஏரிக்குள். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றியதும் காய்ந்த சேற்றைத் தட்டிச் சமன்செய்து ஸ்டம்பு நடுவார்கள், ஓரமாகக் கபடிக்குக் கோடு கிழிப்பார்கள். கரைதான் கேலரி. ஞாயிற்றுக்கிழமை டோர்னமெண்ட் என்றால் பக்கத்து ஊர் பைக்குகள் கரை முழுக்க நிற்கும். வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த இடத்துக்கு நேரே ஏரி என்றுதான் எழுதியிருக்கும். ஐப்பசி மழையில் கோடு கரைந்து, கார்த்திகைக்குள் தண்ணீர் ஸ்டம்பு நட்ட இடத்தைத் தாண்டிவிடும்.